சீதன வீட்டை விற்று இன்னொரு வீடு வாங்க வேண்டும்: எது முதல்?

நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்து நிற்கும்போது கொக்குவில் வீட்டை விலைக்குப் போடலாமா என்பது ஒன்று. அதை விற்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் சின்ன வீடு வாங்குவதா, வாங்கிவிட்டு விற்பதா என்பது இரண்டு. தரகர் கேட்கும் ஐந்து லட்சம் முற்பணத்தை இந்தக் கிழமையே கொடுத்துவிடலாமா என்பது மூன்று. கனடாவிலிருக்கும் அண்ணா "சந்தை சூடாக இருக்கேக்க போடு" என்று சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பட்டபடி உங்கள் உண்மையான கேள்வி வேறு: முழங்கால் ஏலாத அம்மாவை நடுத்தெருவில் விடாமல் இதைச் செய்து முடிக்க முடியுமா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் சட்டத்தரணி இல்லை. யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசு கந்தோர் ஒன்றில் இருபத்தெட்டு வருடம் காணி உறுதி (உரிமைப் பத்திரம்) எழுதியும், காணிப் பதிவகத்தில் தோம்பு, அதாவது காணிப் பதிவேடு, பார்த்தும் காலம் போக்கியவன். உறுதியில் என்ன இருக்கும், எங்கே பிசகும் என்பது தெரியும். நீதிமன்றத்துக்குப் போனால் என்ன தீர்ப்பு வரும் என்பது என் வேலை அல்ல. உங்கள் உறுதிகளை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அண்ணா சொன்னது அவருடைய ஊருக்குச் சரி. ரொறன்ரோவில் பனி உருகி வசந்தம் வர வீடுகள் சந்தைக்கு வரும், ஒரே வீட்டுக்கு நாலைந்து பேர் எழுத்தில் விலை கேட்பார்கள், பக்கத்து வீடு என்ன விலை போனது என்றும் பார்க்கலாம். எங்களுடைய வசந்தம் ஆடி, ஆவணி. ஐரோப்பாவில் பள்ளிக்கூட விடுமுறை, இங்கே இருபத்தைந்து நாள் திருவிழா, மாலையில் வேட்டி சேலையோடு ஒழுங்கை ஒழுங்கையாக வீடு பார்க்கும் கூட்டம். ஆனால் பக்கத்து வீடு உண்மையில் என்ன விலை போனது என்று உங்களுக்கோ எனக்கோ தெரிய வழியில்லை. உறுதியில் எழுதும் விலை பல வேளை கைமாறிய விலை அல்ல. அதனால் பதிவகத்தில் உறுதிகளைப் பார்த்து விலை மட்டுக்கட்டப் போகாதீர்கள். வங்கி மதிப்பீட்டாளரின் தொகை பொதுவாகக் குறைந்த பக்கம் நிற்கும், தரகர் சொல்வது கூடின பக்கம். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ உங்கள் வீடு நிற்கிறது.

வாங்க வருகிறவரிடம் என்ன கடவுச்சீட்டு என்று கேளுங்கள். விலை பேசுவதற்கு முன்பே கேளுங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரசைக்கு இங்கே காணியை விற்று உறுதி எழுத முடியாது, எழுதினாலும் செல்லாது. இந்தத் தடை 2013 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து பிடிக்கும். கொக்குவிலில் பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், சுவிஸ் பிரசையாகி இலங்கைப் பிரசாவுரிமையை இழந்தவர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். இரட்டைப் பிரசாவுரிமை எடுத்தவருக்குத் தடை இல்லை. "எடுக்கப் போறன்" என்கிறவர் இன்னும் எடுக்கவில்லை. "தங்கச்சியின்ர பேரில எழுதுங்கோ" என்றால் தங்கச்சிதான் உங்கள் வாங்குநர். காசு எங்கிருந்து வருகிறது என்பது அவர்கள் வீட்டுக் கதை, ஆனால் அண்ணனும் தங்கச்சியும் முகம் முறித்தால் உங்கள் விற்பனையும் அந்தரத்தில் தொங்கும். திருவிழாவில் படலையைத் தட்டுகிற பத்துப் பேரில் உடனே கையெழுத்து வைக்கக்கூடியவர் எத்தனை பேர் என்று பார்த்தால் சந்தையின் சூடு பாதியாகிவிடும்.

இனி உங்கள் பக்கம். வளவு மூன்று பரப்பு (பதினாறு பரப்பு ஓர் ஏக்கர்) என்று எழுதியிருக்கிறீர்கள். வீடு நிற்கிற இரண்டு பரப்பு 1974இல் அம்மாவுக்கு வந்த சீதனம். பின்னால் இருக்கிற ஒரு பரப்பு 1988இல் அப்பா வாங்கியது. அப்பா 2011இல் காலமானார், பிள்ளைகள் மூன்று பேர். நீங்கள் மூன்று பரப்பையும் "அம்மாவின்ர காணி" என்கிறீர்கள். கோபிக்கக்கூடாது பிள்ளை, பின்பரப்பு முழுக்க அம்மாவுடையது அல்ல.

தேசவழமைப்படி, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டப்படி, கலியாணத்துக்குப் பிறகு விலை கொடுத்து வாங்கியது தேடியதேட்டம். ஒருவர் போனால் அதில் அரைவாசி மற்றவருக்கு, மிச்ச அரைவாசி போனவரின் உரித்தாளிகளுக்கு. ஆகவே அந்த ஒரு பரப்பில் அம்மாவுக்கு இரண்டில் ஒன்று, உங்கள் மூவருக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று. அப்பா மரணசாதனம் எழுதியிருந்தாலோ, காணி நன்கொடையாக வந்திருந்தாலோ கணக்கு வேறு. அந்த உறுதியைப் பார்க்காமல் யாரும் அடித்துச் சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் எழுதியபடி என்றால் அண்ணாவின் கையெழுத்து இல்லாமல் பின்பரப்பு போகாது. அவர் இப்போது கனடாப் பிரசை என்பதால் அவர் பங்கு அழியவில்லை. தகப்பன் வழி வந்த உரித்து, விற்க அவருக்குத் தடையில்லை. அவர் வர முடியாவிட்டால் ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகம் வழியாக அற்றோணித் தத்துவம் (தனக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்ப வேண்டும், அதை இங்கே பதிய வேண்டும். வாரக் கணக்கில் இழுக்கும் வேலை. பதிவகத்தில் இன்னும் அப்பா பெயரில்தான் கிடக்கிறது என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் ரெஸ்ரமென்ரரி வழக்கும் (இறந்தவரின் சொத்தை உரித்தாளிகளுக்கு மாற்றும் வழக்கு) தேவைப்படலாம். தேவையா இல்லையா என்பது சொத்தின் பெறுமதியைப் பொறுத்தது, இதைச் சட்டத்தரணியிடம் விட்டுவிடுங்கள். தேவைப்பட்டால் இந்த வருடத் திருவிழாவை மறந்துவிட வேண்டியதுதான்.

சீதனக் காணிக்குச் சிக்கல் குறைவு. அப்பா உயிரோடு இருந்திருந்தால் அம்மா விற்பதற்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இப்போது அம்மா தனித்துக் கையெழுத்து வைக்கலாம். ஆனால் உறுதியை எடுத்து மூன்று விஷயம் பாருங்கள். பாட்டா பாட்டிக்குச் சீவிய உருத்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) வைத்து எழுதியிருந்தால் அவர்களுடைய மரண அத்தாட்சிப் பத்திரங்கள் வேண்டும். "பிரிபடாத பங்கு" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பழைய உறுதிகளில் இது ஒரு வியாதி. மூன்று சகோதரிகளுக்கு ஆறு பரப்பில் ஆளுக்கு மூன்றில் ஒன்று என்று எழுதிவிட்டு, வேலியைப் போட்டுப் பிரித்து ஐம்பது வருடம் சமாதானமாக இருப்பார்கள். வேலி இரண்டு பரப்பு என்கும், உறுதி மூன்றில் ஒன்று என்கும். இருப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது, வங்கிக் கடனில் வாங்க வருகிறவனுக்குத்தான் தெரியும். வங்கி முப்பது வருட உரிமைத் தொடர்ச்சி கேட்கும், பிரிபடாத பங்கென்றால் கையை எடுத்துவிடும். மூன்றாவது, கிணறு. பங்குக் கிணறா, சொந்தக் கிணறா, வழி வாய்க்கால் உரிமை யாருக்கு? ஒரு முறை ஒருவர் வாங்கின கையோடு சுற்றிவர மதில் கட்டினார். பக்கத்து வீட்டு ஆச்சி உறுதியோடு வந்து நின்றா. அவவுக்கு அந்தக் கிணற்றில் நாலில் ஒரு பங்கும், அதற்கு வந்துபோக மூன்றடி வழியும் இருந்தது. கட்டின மதிலை உடைத்துப் படலை வைத்தார்கள்.

காணியை அளப்பியுங்கள். எழுபதுகளின் உறுதிகளில் பல, பட வரைபு இல்லாமல் நாலு எல்லையும் பரப்புக் கணக்கும் மட்டும் சொல்பவை. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர், ஆகவே ஒரு பரப்பு பத்துப் பேர்ச். இன்றைய விலையில் ஒரு பேர்ச் குறைந்தாலே பேச்சு முறியும். ஒழுங்கை அகலித்ததில் போன துண்டு, மாமா வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்ட துண்டு எல்லாம் படத்தில்தான் வெளிச்சத்துக்கு வரும். வாங்குகிறவன் அளந்து கண்டுபிடித்தால் விலையைக் குறைப்பான். நீங்கள் முதலே அளந்து வைத்திருந்தால் அதுதான் விலை.

முற்கொள்வனவு உரிமையைப் பலர் மறந்தே போனார்கள். தேசவழமைக்கு உட்பட்ட காணியை விற்கும்போது, கூட்டுப் பங்காளருக்கும் விற்பவரின் உரித்தாளிகளாக வரக்கூடியவர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இதைச் சுருக்கி ஒழுங்குபடுத்தியது. அம்மா சீதன வீட்டை விற்றாலும் பிள்ளைகள் மூவருக்கும் அந்த உரிமை இருக்கிறது. முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் விற்றால் பின்னால் வழக்கு வைக்க இடமிருக்கிறது. நாங்கள் கந்தோரில் செய்வது, பிள்ளைகள் எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுவது. உங்கள் வீட்டில் சண்டையில்லை என்பது சந்தோசம். சண்டையில்லாத காலத்தில் கையெழுத்து வாங்குவது சுகம்.

வரி விஷயம் சுருக்கமாக. முத்திரைத் தீர்வை வாங்குகிறவர் கட்டுவது வழக்கம்: முதல் ஒரு லட்சத்துக்கு நூற்றுக்கு 3, மிச்சத்துக்கு நூற்றுக்கு 4. இரண்டு கோடிக்கு வாங்கினால் 7 லட்சத்து 99 ஆயிரம். திருநெல்வேலி வீட்டுக்கு நீங்கள் ஒதுக்கிய காசில் இதைச் சேர்க்கவில்லை என்று நினைக்கிறேன். மூலதன இலாப வரி விற்பவருக்கு, 2025 ஏப்ரல் முதல் தனியாளுக்கு நூற்றுக்கு 15. விற்பதற்கு முந்திய மூன்று வருடம் தொடர்ந்து சொந்தமாக இருந்து, அதில் இரண்டு வருடமாவது குடியிருந்த பிரதான வீட்டுக்கு விலக்கு உண்டு. அம்மாவின் பக்கம் அதற்குள் வரும். அண்ணாவின் ஆறில் ஒரு பங்கு வராது. 2017 செப்டெம்பர் 30க்கு முன்பே கையில் இருந்த ஆதனத்துக்கு அந்த நாளில் இருந்த சந்தைப் பெறுமதிதான் அடக்கவிலை, ஆகவே அந்தத் திகதிக்கு ஒரு மதிப்பீட்டறிக்கை எடுத்து வையுங்கள். உறுதியில் விலையைக் குறைத்துப் போடச் சொல்லி வாங்குகிறவர் கேட்டால் மாட்டேன் என்று சொல்லுங்கள். திருநெல்வேலியில் நீங்கள் வாங்கும்போது அந்த ஆசை உங்களுக்கும் வரும். குறைத்து எழுதி வாங்கினால் நாளைக்கு விற்கும்போது குறைந்த அடக்கவிலையில் கூடின இலாபம் தெரியும்.

எது முதல் என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். என் அபிப்பிராயம்: விற்பனைப் பேச்சை முதலில் எழுத்தில் கட்டுங்கள், வாங்கும் பேச்சை அதற்குப் பிறகு கட்டுங்கள், இரண்டு உறுதியையும் ஒரே நாளில் முடியுங்கள். இது பெரிய வித்தை இல்லை, கந்தோரில் எத்தனையோ தடவை செய்திருக்கிறோம். உங்கள் வீட்டை வாங்குகிறவரோடு நொத்தாரிசு முன்னிலையில் விற்பனை உடன்படிக்கை எழுதி, முற்பணம் வாங்கி, அதைப் பதிவியுங்கள். மூன்று மாதத் தவணை போடுங்கள். தத்துவம் வரத் தாமதமானால் தவணை எப்படி நீளும், யார் பின்வாங்கினால் முற்பணம் என்னாகும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அதற்குப் பிறகு திருநெல்வேலி வீட்டுக்காரரோடு உடன்படிக்கை செய்யுங்கள், அந்தத் தவணை உங்களுடையது முடிந்து ஒரு மாதமாவது கழித்து முடியட்டும். அந்த ஒரு மாதம்தான் அம்மாவுக்கான காப்பு. உறுதி முடிக்கும் நாளில் காலையில் விற்பனை உறுதி, வங்கிக் காசோலை கைக்கு வரும், மதியம் கொள்வனவு உறுதி. விற்ற வீட்டில் இருந்து எழும்ப முப்பது நாள் அவகாசம் என்று உறுதிக்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். வாயால் சொன்ன அவகாசம் புது உரிமையாளரின் மனைவி வந்து சமையலறையைப் பார்க்கிற நாள் வரைக்கும்தான்.

முதலில் வாங்கிவிட்டு விற்பது கையில் காசு இருப்பவர்களுக்கு. வங்கிக் கடனோ, அண்ணாவிடம் கைமாற்றோ எடுத்து வாங்கினால், இந்த வீடு விற்பட ஆறு மாதம் இழுத்தாலும் வட்டி ஓடும். வட்டி ஓடத் தொடங்கினால் வந்த முதல் விலைக்குக் கொடுத்துவிடுவீர்கள். விற்றுவிட்டு வாடகை வீட்டில் இருந்து ஆறுதலாகத் தேடுவதும் ஒரு வழி, காசுக் கணக்கில் அதுதான் பத்திரமானது. ஆனால் எழுபத்துநாலு வயதில் இரண்டு முறை வீடு மாறுவது காசுக் கணக்கில் வராத செலவு. அதை நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும்.

தரகரின் ஐந்து லட்சம். கொடுக்காதீர்கள். அசையாத ஆதனத்தை விற்கும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சியோடு எழுதினால்தான் செல்லும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் முதல் இருக்கிற விதி. கொப்பித்தாளில் முத்திரை ஒட்டி எழுதின பற்றுச்சீட்டை வைத்து "எனக்கு வீட்டை எழுதித் தா" என்று கேட்க முடியாது, மிஞ்சினால் காசைத் திருப்பிக் கேட்கலாம். ஒரு திருவிழாக் காலம், தேருக்கு முதல் நாள், ஒரு குடும்பம் பத்து லட்சத்தை இப்படிக் கொடுத்துவிட்டுத் தேர் பார்க்கப் போனது. தீர்த்தத்துக்கு அடுத்த நாள் அதே வீடு இன்னொருவருக்கு உறுதியாகிவிட்டது. காசு திரும்பி வந்தது, இரண்டு வருடம் கழித்து, தவணை தவணையாக. "நாலு பார்ட்டி பார்க்குது" என்று தரகர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். அந்த நாலு பேரும் தோம்பு பார்த்துத்தான் வாங்க வேண்டும். தரகுக் கூலி எவ்வளவு, இரண்டு பக்கமும் வாங்குகிறாரா என்பதையும் இப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். உறுதி நாளில் கந்தோர் வாசலில் நடந்த தரகுச் சண்டைகள் எத்தனையோ கண்டிருக்கிறேன்.

வாங்கப் போகிற வீட்டுக்கும் மேலே சொன்ன எல்லாமே பொருந்தும். கூடுதலாக ஒன்று: விற்பவரின் உரிமை நீண்டகால ஆட்சியைச் சொல்லித் தானே எழுதிக்கொண்ட பிரகடன உறுதியில் மட்டும் நின்றால் விலகிவிடுங்கள். பிறர் காணியைப் பத்து வருடம் ஆண்டால் உரிமை வரும் என்ற எதிராட்சி பொது விதிதான். ஆனால் சண்டைக் காலத்தில் வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தவர்களுக்கு, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1990இல் விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்களானாலும், இடம்பெயர்ந்து லண்டனுக்குப் போன குடும்பமானாலும், உரிமையாளர் நாளைக்குப் படலையில் வந்து நிற்கலாம். தோம்பு பார்க்கும்போது ஈடு (அடமானம்), பங்காளர் பிரித்துத் தரக் கேட்கும் பிரிவிடல் வழக்கு ஏதும் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிரிவிடல் வழக்கு நடக்கிற காணியை வாங்குவது வழக்கை வாங்குவதுதான். கையெழுத்து முடிந்ததும் பதிவைத் தள்ளிப் போடவேண்டாம், ஒரே காணிக்கு இரண்டு உறுதி வந்தால் முந்திப் பதிந்தவருக்கே சட்டம் சாயும்.

ஆடி, ஆவணியில் வீடு பார்ப்பதில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் இருக்கிறது. நல்லது தண்ணீர். மாரிக்கு முந்திய இந்த மாதங்களில்தான் எங்கள் சுண்ணக்கல் நிலத்துக் கிணறுகளில் தண்ணீர் அடிமட்டத்தில் நிற்கும். இப்போது அள்ளிக் குடித்து உவர் இல்லையென்றால் வருடம் முழுக்க இல்லை. கக்கூசுக் குழி கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதையும் அடியெடுத்துப் பாருங்கள், பக்கத்து வளவுக் குழியையும் சேர்த்து. பல்கலைக்கழகத்தைச் சுற்றி அறைகளை நெருக்கிக் கட்டி மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிற இடங்களில் இதைத்தான் முதலில் பார்ப்பேன். கெட்டது வெள்ளம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அந்த ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர் நிற்குமா என்பது ஆடி வெயிலில் தெரியாது. மதிலின் அடியில் கறை இருக்கிறதா பாருங்கள். தரகர் இல்லாத நேரம் பார்த்துச் சந்திக் கடையில் ஒரு தேத்தண்ணி குடித்துக்கொண்டு விசாரியுங்கள். போன மழையில் யார் வீட்டுக்குள் தண்ணீர் போனது என்று பெயர் ஊரோடு சொல்வார்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த ஆடியில் எதையும் விலைக்குப் போடமாட்டேன், ஆடியில் உறுதி எழுத எப்படியும் பாதிப் பேர் வரமாட்டார்கள். அளவைப் படம், தோம்புப் பிரதிகள், அண்ணாவின் தத்துவம், பிள்ளைகளின் சம்மதக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்ப்பேன். கோப்பு ஆவணிக்குள் முடிந்தால் ஆவணியில் போடலாம், முடியாவிட்டால் தையில். வீடு பார்க்க வருகிறவர் கேட்கும்போது முழுக் கோப்பையும் மேசையில் வைக்கக்கூடிய விற்பனையாளர் கொக்குவிலில் அதிகம் பேர் இல்லை.

இன்றைக்கு இரவே ஒன்று செய்யுங்கள். 1988 உறுதியை எடுத்து, வாங்கினவர் பெயரில் அப்பா மட்டும் இருக்கிறாரா, அம்மாவும் இருக்கிறாவா, "பிரிபடாத" என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். கிணற்றைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கக்கூடும். அதையும் வாசித்துவிட்டு எழுதுங்கள்.